நம் ரூபாய்க்கு அந்தக் குறி உரியதன்று

மூன்று நாள்களாக எல்லாருடைய கைபேசியிலும் சுற்றிவரும் அந்தக் காவடி அன்னதான அறிவிப்பில் நன்கொடைத் தொகைக்கு முன்னால் ஏன் ₹ குறி என்று நான் கேட்ட ஒரே கேள்விக்கு, "இதெல்லாம் ஒரு குறையா?" என்று குழுவில் பதில் வந்தது. பதில் எழுதிய தம்பி என் மாணவர் வயதுடையவர்; ஆகவே அங்கே வாதாடாமல் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் மொரீஷியசின் தலைநகர் போர்ட் லூயியில் திரட்டி, மொரீஷிய ரூபாயில் செலவழிக்கப் போகும் தொகைக்கு முன்னால் ₹ என்று அச்சிட்டது பிழை. அது "ரூபாய்" என்ற சொல்லுக்குப் பொதுவான குறி அன்று. இந்திய அரசு 2010-இல் தன் நாணயத்துக்கென ஏற்றுக்கொண்ட குறி. இலங்கையிலும் நேபாளத்திலும் பாகிஸ்தானிலும்கூடப் பணத்தின் பெயர் ரூபாய்தான். அவற்றுக்கும் அது குறியாகாது. 1877 முதல் நமக்கென்று தனி ரூபாய் இருக்கிறது.

"படிப்பவர்களுக்குப் புரியாதா?" என்கிறார்கள். புரியவில்லை என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஓர் அறிவிப்பைப் பார்த்து, மதுரையில் இருக்கும் என் சிற்றப்பா ₹1,000 என்றிருந்ததை அப்படியே நம்பி, ஆயிரம் இந்திய ரூபாயை என் வழியாக அனுப்பினார். நம் ஒரு ரூபாய் அவர்களுடைய ஒரு ரூபாயைவிட மதிப்பு மிகுந்தது என்பது அவருக்குத் தெரியாது. பணம் பெற்றவர்கள் "தொகை குறைகிறது, மீதியை எப்போது அனுப்புவார்?" என்று கேட்டார்கள். எழுபது வயதைக் கடந்த மனிதர் சொன்ன சொல் தவறியவரைப் போலக் கூனிக் குறுகினார். குறி அவர்கள் போட்டது, தலைகுனிந்தது அவர்.

அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழர்தானே, அதில் நமக்குப் பெருமை இல்லையா என்று ஒருவர் கேட்டார். பெருமைதான். ஆனாலும் அவர் வடிவமைத்தது இந்தியாவின் பணத்துக்கு. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அக்குறிக்குப் பதிலாக "ரூ" என்று போட்டதைப் பார்த்துத்தான் நான் பேசுகிறேன் என்பது இன்னொருவரின் குற்றச்சாட்டு. அந்தத் தகராறு அவர்களுடையது. என் பேச்சு நம் பணத்தைப் பற்றியது. கைபேசியில் அந்தக் குறிதான் எளிதாகக் கிடைக்கிறது என்பவர்களுக்கு, "ரூ." என்று தட்டுவதில் என்ன சிரமம் என்று எனக்கு விளங்கவில்லை. ரூபாய்க்கான பழைய தமிழ்க் குறியான ௹-ஐப் போடுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. இன்று பலருக்கு அது படிக்கத் தெரியாது.

என் அப்பா கடைக்கணக்கில் "ரூ. 25/-" என்றே எழுதுவார். பின்னால் யாரும் ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கோடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். 1998-இல் வெளிவந்த புதிய மொரீஷிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து தேவநாகரி எழுத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டபோது நம்மவர்கள் எழுப்பிய எதிர்ப்பில் அவரும் நின்றார். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் என்ற பழைய வரிசையோடு புதியவை வந்தன. அன்றும் "ஒரு வரி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வீட்டில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் பேசி, "ரூப்பி" என்றே எண்ணிப் பழகிய மக்கள், தங்களால் சரளமாகப் படிக்க இயலாத எழுத்துக்காகவும் தெருவில் இறங்கினார்கள். நம் பணத்தாளில் தமிழில் "ரூபாய்" என்று இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நம் கோயில் காரியத்துக்கு வேறொரு நாட்டின் குறியை நாமே அச்சிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. இதைச் சொன்னதற்காக என்னை இந்தியாவுக்கு எதிரானவள் என்று எழுதியது அதைவிட வலிக்கிறது.

அறிவிப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மெய்ப்பை எனக்கு அனுப்பினால் இன்றிரவே திருத்திக் கொடுக்கிறேன்.