டிக்கெட் கேட்ட அண்ணனுக்கு

அந்தக் குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஆனால் நேற்று இரவு அங்கே நான் எழுதியதன் ஸ்க்ரீன்ஷாட் வேறொரு வாட்ஸப் குழு வழியாகச் சுற்றி என் கைக்கே வந்து சேர்ந்தது, கீழே பதினான்கு சிரிப்பு முகங்களோடு. சரி, இனி எழுதலாம்.

விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். "நேரில் பார்த்ததில் மறக்க முடியாத மேட்ச் எது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் நாலு வரி எழுதினேன். 2010 ஜூன் 2, அமெரிக்காவின் டெட்ராய்ட், கோமெரிக்கா பார்க் மைதானம், கலராகா பந்து வீசிய பேஸ்பால் ஆட்டம், நான் அங்கே மூன்றாவது பேஸ் பக்கம் மேல் வரிசையில் இருந்தேன், ஆட்டம் முடிந்தபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவ்வளவுதான். அதற்குக் குழுவில் இருக்கிற ஓர் அண்ணன் போட்ட பதில்: "நைட் மேட்ச்சில் வெளிச்சமா? யூட்யூபில் பார்த்ததையெல்லாம் நேரில் பார்த்ததாக எழுதக் கூடாது தம்பி. டிக்கெட் இருந்தால் போடுங்கள்."

தம்பியாம். எனக்கு நாற்பத்தாறு வயது.

முதலில் வெளிச்சத்தை முடித்துவிடுகிறேன், அது சுலபம். ஆட்டம் இரவு ஏழு மணிக்குச் சற்றுப் பின்னால் தொடங்கியது. 1 மணி 44 நிமிடத்தில் முடிந்தது. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டும். அண்ணன் இருக்கிற ஊரில் எத்தனை மணிக்கு இருட்டுகிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவனுக்குத்தான் அந்த வெளிச்சம் ஞாபகத்தில் இருக்கும். யூட்யூபில் பார்க்கிறவன் பந்தைப் பார்ப்பான், வானத்தைப் பார்க்க மாட்டான்.

நான் அங்கே இருந்தேன்.

பேஸ்பால் பக்கமே போகாத நண்பர்களுக்காகக் கொஞ்சம். எதிரணியில் ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட் எடுக்க வேண்டும். அந்த 27 பேரையும் வரிசையாக, ஒருவர்கூட முதல் பேஸை (அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடம்) தொடாமல் அவுட் ஆக்கினால் அது பெர்ஃபெக்ட் கேம். ஹிட் (அடித்து பேஸுக்குப் போவது) கூடாது, வாக் (தவறான வீச்சுகளால் அடிக்காமலே பேஸுக்குப் போவது) கூடாது, ஃபீல்டர் கை தவறவிடக் கூடாது. நூற்றுமுப்பது வருஷத்துக்கும் மேலான மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 20 முறைதான் நடந்திருந்தது. அதில் இரண்டு அந்த வருஷ மே மாதத்தில் நடந்தவை என்பது வேறு கதை. அர்மாண்டோ கலராகா வெனிசுவேலாக்காரர், பெரிய நட்சத்திரம் இல்லை. அந்த சீசனை டோலிடோவில் மைனர் லீகில், அதாவது கீழ்நிலைப் போட்டிகளில், தொடங்கி, மே நடுவில்தான் டெட்ராய்ட் டைகர்ஸுக்குத் திரும்பி வந்திருந்தார். எதிரணி கிளீவ்லாந்து.

நான் அந்த மேட்ச்சுக்குப் போனதே தற்செயல். ஒரு சப்ளையர் கம்பெனி நண்பரிடம் டிக்கெட் சும்மா கிடந்தது. புதன்கிழமை ராத்திரி, யாருக்கும் வேண்டாம். மைதானத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அன்று வந்ததாகக் கணக்கு 17,738. அந்தக் கணக்கே விற்ற டிக்கெட்டை வைத்துத்தான். என் வரிசையில் நானும் ஒரு பெரியவரும் மட்டும். அவர் மடியில் ஸ்கோர் கார்டு, காதில் பென்சில். ஒவ்வொரு பேட்டருக்கும் கட்டத்தில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். தபால் ஆபீஸ் கிளார்க் மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

ஆறாவது இன்னிங்ஸ் போல நான் அவரிடம், "இன்னும் யாருமே அடிக்கவில்லை போலிருக்கிறதே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! விரலை உதட்டில் வைத்தார். பிட்சர் (பந்து வீசுகிறவர்) அப்படி வீசிக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் பேசவே கூடாதாம், வாயைத் திறந்தால் போய்விடுமாம். சக வீரர்களே அவர் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்களாம். எனக்கு இது புரிவதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பிள்ளை நல்லா சாப்பிடுறானே" என்று யாராவது சொன்னால் உடனே உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். அதற்குப் பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பதாவதில் முதல் ஆள் ஓங்கி அடித்தார். பந்து சென்டர் ஃபீல்டு பக்கம் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது. டைகர்ஸின் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி ஓடித் தோளுக்கு மேலாகப் பிடித்தார். பெரியவர் என் முழங்காலைப் பிடித்துவிட்டார். அடுத்த ஆளும் அவுட். 26.

இருபத்தேழாவது ஜேசன் டொனால்ட். முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தரையோடு ஒரு அடி. டைகர்ஸின் கப்ரேரா வலது பக்கம் நகர்ந்து எடுத்து வீசினார், கலராகா ஓடிவந்து முதல் பேஸில் பிடித்தார். நாங்கள் எல்லோரும் அதற்குள் எழுந்து கையைத் தூக்கிவிட்டோம். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்தார். சேஃப். அதாவது பந்தை ஆள் முந்திவிட்டார், அவுட் இல்லை.

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? மகிழ்ச்சி பாதியில் நின்றால் ஒரு சத்தம் வருமே, அது. கலராகா கத்தவில்லை, குதிக்கவில்லை. சிரித்தார். நம்ப முடியாமல் ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் பந்து வீசும் மேட்டுக்குத் திரும்பிப் போய் இருபத்தெட்டாவது ஆளை அவுட் ஆக்கினார். 3-0. டைகர்ஸ் ஜெயித்துவிட்டார்கள், மைதானம் மொத்தமும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் டொனால்டின் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்துக் கட்டத்தில் கடைசி அவுட்டைக் குறித்தார். நடுவில் ஒரு கட்டம் வெள்ளையாகவே இருந்தது. கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு தலையசைப்பு, போய்விட்டார்.

இதைத்தான் யூட்யூபில் பார்த்தேன் என்கிறார் அண்ணன். எந்த யூட்யூபில் அண்ணே அந்தப் பெரியவரின் மடி தெரிகிறது?

இப்போது டிக்கெட். டிக்கெட் காட்டினால் நம்புவாராம். இதே 2010இல், இந்த ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால், மே 29 அன்று ராய் ஹாலடே என்ற பிட்சர் ஃபுளோரிடாவில் பெர்ஃபெக்ட் கேம் வீசினார். அதற்குப் பிறகு அந்த ஊர் மார்லின்ஸ் அணி என்ன செய்தது தெரியுமா? அன்றைய ஆட்டத்தில் விற்காமல் கிடந்த டிக்கெட்டுகளை நினைவுப் பொருளாக விற்றது. ஆட்டம் முடிந்த பிறகு! ஆக, அங்கே போகாதவர்கள் கையில் அசல் டிக்கெட் இருக்கிறது. எங்கள் அண்ணன் கோர்ட்டில் அவர்கள் எல்லோரும் நேரில் கண்ட சாட்சிகள், நான் பொய்யன்.

பொய் சொல்கிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நான் மறுக்கவே இல்லை. 1951இல் நியூயார்க்கில் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னை நேரில் பார்த்தேன் என்று சொன்னவர்களை எண்ணினால் அந்த மைதானம் போல நாலைந்து கட்ட வேண்டும். உண்மையில் அன்று வந்தவர்கள் 34,320 பேர், மைதானம் நிறையக்கூட இல்லை. சரி. அதற்காக நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருந்த 34,320 பேரும் ஆயுள் முழுக்க டிக்கெட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டுமா?

இன்னொருவர், பெயர் வேண்டாம், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: "ரெக்கார்டுபடி அது பெர்ஃபெக்ட் கேமே இல்லையே சார், ஒரு ஹிட் கொடுத்த ஆட்டம்தானே?" ஆமாம் சார். அப்போதைய மேஜர் லீக் கமிஷனர் பட் செலிக் அந்த முடிவை மாற்றவில்லை. மிச்சிகன் கவர்னர் அதை பெர்ஃபெக்ட் கேம் என்று அறிவித்துப் பார்த்தார், கவர்னர் அறிவித்து என்ன, ஒரு கட்டமும் மாறவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளை வீடியோ பார்த்து மாற்றும் முறை 2014இல்தான் வந்தது. ஆனால் கேட்ட கேள்வி "ரெக்கார்டில் உள்ள மேட்ச் எது" என்பதா? மறக்க முடியாத மேட்ச் எது என்பதுதானே? மற்ற பெர்ஃபெக்ட் கேம்களை வீசியவர்களில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? இந்த ஒருவர் பெயர் ஏன் தெரிகிறது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

"மூன்றாவது பேஸ் பக்கம் மேல் வரிசையிலிருந்து அவுட்டா சேஃபா என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை" என்று ஒரு தம்பி படம் போட்டு விளக்கியிருந்தார். இது நியாயமான பேச்சு. எனக்குத் தெரியவில்லைதான். பக்கத்து வரிசையில் ஒருவர் போனில் யாரிடமோ கேட்டு, "அரை எட்டு முன்னாலேயே அவுட்" என்று கத்தியபோதுதான் உறுதியாகத் தெரிந்தது. இன்றைக்கு என் கண்ணில் ஓடும் காட்சியில் பாதி அப்புறம் டிவியில் பார்த்ததாகவும் இருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். தெரியாமல் நின்றேன் என்பதும் அங்கே நின்றதில் சேர்த்திதானே?

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன். அதே பதிவின் கீழ் பதினொரு பேர் 1999 சேப்பாக்கம் டெஸ்ட்டை எழுதியிருந்தார்கள். பாகிஸ்தானோடு, சச்சின் 136, நாலு விக்கெட் நாலு ரன்னில் போய் 12 ரன்னில் தோற்றது, கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. ஒருவரிடமாவது அண்ணன் டிக்கெட் கேட்டாரா? கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த டெஸ்ட்டில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டீக்கடையில், இரண்டு மூன்று முறை. நான் அன்று ஹாஸ்டல் டிவி முன்னால் இருந்தேன். பெஞ்சில் இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆனால் சேப்பாக்கத்தில் இருந்தேன் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். கடைக்காரர் டீக்குக் காசுகூட வாங்கவில்லை.

ஆமாம், இதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பீர்கள். எடுங்கள். நான் பொய் சொன்னபோது நம்பினீர்கள், உண்மை சொன்னபோது டிக்கெட் கேட்கிறீர்கள். கிரிக்கெட் என்றால் நம்ம பையன், பேஸ்பால் என்றால் "வெள்ளைக்காரனாகிவிட்டான்". அந்தக் குழுவில் ஒருவர் அதையும் எழுதியிருக்கிறார். பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் பனி தள்ளுகிறேன், வரி கட்டுகிறேன். ஒரு மேட்ச் எனக்குப் பிடிக்கக் கூடாதா?

இவ்வளவு ஏன் கோபம் என்று என் மனைவி கேட்டாள். உண்மையான காரணத்தை அவளிடமும் சரியாகச் சொல்லவில்லை.

2009 இந்த ஊரில் எப்படி இருந்தது என்று கார் உற்பத்தித் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில் கிரைஸ்லர், ஜூன் 1இல் ஜிஎம் என்று இரண்டும் திவால் மனு போட்ட வருஷம். நான் அப்போது இருந்த இடத்தில் ஒரு பாகத்தின் வரைபடம் பழைய திருத்தத்தோடு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர் வேறொருவர், எனக்கு மேலே இருந்தவர். மீட்டிங்கில் என் பெயர் சொல்லப்பட்டது. மின்னஞ்சல்கள் என்னிடம் இருந்தன. ஆதாரம் இருந்தது அண்ணே! காட்டினேன். "இப்போது அதெல்லாம் பேசி என்ன பயன்" என்றார்கள். வேலையிலிருந்து நீக்கும் பட்டியலில் என் பெயர் இருந்தது. விசா முடியப் பத்து நாள் இருக்கும்போது வேறு வேலை கிடைத்தது. அந்த மனிதரை அதற்குப் பிறகு ஒரு முறை இந்தியக் கடையில் பார்த்தேன். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஜிம் ஜாய்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஆட்டம் முடிந்து உள்ளே போய் வீடியோ பார்த்தவர், அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று நிருபர்களிடமே சொன்னார். கலராகாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். கலராகா சொன்னது, யாரும் பெர்ஃபெக்ட் இல்லை. மறுநாள் மதியம் அதே இரு அணிகளுக்கும் ஆட்டம், ஜாய்ஸ்தான் ஹோம் பிளேட் அம்பயர், அதாவது பேட்டருக்குப் பின்னால் நிற்கிறவர். டைகர்ஸின் பேட்டிங் வரிசைப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க கலராகாவையே அனுப்பினார்கள். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கி, அவர் தோளில் தட்டினார். புது ஆபீசின் கேன்டீன் டிவியில் அதைப் பார்த்தேன். தயிர்சாத டப்பாவைத் திறந்தவன் திறந்தபடியே நின்றேன்.

நேரில் பார்த்தது முந்தின நாள் ஆட்டம்தான், இது டிவி. இங்கே அண்ணன் சொல்வது சரி.

டிக்கெட் என்னிடம் இல்லை. அந்த சப்ளையர் நண்பர் செலவுக் கணக்கில் ஒட்ட வேண்டும் என்று மறுநாளே திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனாலும் நேற்று ராத்திரி பேஸ்மென்ட்டில் பழைய பெட்டிகளைக் கொட்டித் தேடினேன், மனைவி மாடியிலிருந்து திட்டத் திட்ட. அன்றைக்கு வண்டி நிறுத்திய பார்க்கிங் ரசீது கிடைத்தது. மை முழுக்க அழிந்து, வெறும் வெள்ளைக் காகிதம். விளக்கில் பிடித்துப் பார்த்தால் ஒரு டாலர் குறி மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது, அதுவும் சந்தேகம்தான்.

படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டுவிட்டேன். இதுவரை இரண்டு சிரிப்பு முகம். ஒன்று அண்ணனுடையது.