கோலை 57-வது நிமிடத்தில் போடுங்கள்

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கால்பந்து டீம். எல்லோரும் கைவிட்ட ஒரு கோச் வந்து சேர்கிறார். மழையில் ஓட்டம், சேற்றில் புரளல், நடுவில் ஒரு பாட்டு. ஃபைனலில் 89-வது நிமிடம் வரை சமநிலை. 90-வது நிமிடத்தில் ஹீரோ அந்தரத்தில் மல்லாந்து ஒரு பைசிக்கிள் கிக் அடிக்கிறார், வலை குலுங்குகிறது, படம் முடிந்துவிடுகிறது.

இந்த வகைப் படங்கள் எனக்கு உயிர். அதனால்தான் இந்த ஆதங்கம். போன மாதம் ஆறு கோல் வாங்கிய டீம் இன்றைக்கு எப்படி ஜெயித்தது? படம் இதற்குப் பதில் சொல்வதே இல்லை. வைராக்கியம் வந்துவிட்டதாம், ஜெயித்துவிட்டார்களாம். வைராக்கியம் எதிர் டீமுக்கும்தான் இருக்கும். அவர்களுக்குக் கூடுதலாக ஆட்டமும் தெரியும்.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 2004 யூரோ கோப்பைக்கு முன்பு, பெரிய போட்டித் தொடர் எதிலும் கிரீஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, வாங்கியது 10 கோல், போட்டது பூஜ்யம். அதே கிரீஸ் ஓட்டோ ரேஹாகல் என்ற ஜெர்மன் கோச்சின் கீழ் 2004-ல் காலிறுதியில் பிரான்ஸையும், அரையிறுதியில் செக் குடியரசையும், ஃபைனலில் போர்ச்சுகலை அதன் சொந்த மண்ணிலேயேயும் வென்றது. மூன்று ஆட்டமும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டியவை. அதில் இரண்டு கார்னர் கிக்கில் வந்தவை. ஃபைனலில் கரிஸ்டியாஸ் கோல் போட்டது 57-வது நிமிடத்தில்.

57-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 33 நிமிடமும் இஞ்சுரி டைமும் பாக்கி. சொந்த ரசிகர்கள் முன்னால் போர்ச்சுகலின் ஃபிகோவும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்கிறார்கள். பலவீனமான டீமின் கதை உண்மையில் இந்த 33 நிமிடம்தான். கோலை 90-ல் வைக்கிற திரைக்கதை, தன்னிடம் இருக்கும் ஆகச் சிறந்த காட்சியை எழுதாமலே விட்டுவிடுகிறது.

அந்த நேரத்தில் மைதானத்தில் என்ன நடக்கும்? டிஃபென்டர்கள் நால்வர் ஒரு வரிசை, அவர்களுக்கு முன்னால் மிட்ஃபீல்டர்கள் ஒரு வரிசை. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் இருக்க வேண்டும். மைதானத்தின் அகலம் 68 மீட்டர், நான்கு பேரால் அதை அடைக்க முடியாது. ஆகவே பந்து இடப்பக்கம் போனால் மொத்த வரிசையும் இடப்பக்கம் நகர்ந்து, வலது ஓரத்தில் நிற்கும் எதிராளியை வேண்டுமென்றே விட்டுவிடும். அவனுக்குப் பந்து போக வேண்டுமென்றால் 40 மீட்டர் தூக்கி அடிக்க வேண்டும். அது காற்றில் இருக்கிற இரண்டு நொடிக்குள் வரிசை திரும்ப ஓடி வந்துவிடலாம். முதல் அரை மணி நேரம் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஐம்பதாவது தடவை, கால் கனத்துப்போன பிறகு, அதே இரண்டு நொடி போதாது.

உடைகிற இடங்களும் எப்போதும் அதேதான். ஒருவர் ஆவேசப்பட்டு வரிசையை விட்டு முன்னால் பாய்வார், அவர் விட்டுப்போன ஓட்டையில் பாஸ் விழும். தூரத்துப் பக்கம் நிற்கும் ஃபுல்பேக், அதாவது ஓரத்து டிஃபென்டர், பந்தையே பார்த்துக்கொண்டு தன் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவனை மறந்துவிடுவார். எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. பந்தை ஓங்கி உதைத்து வெளியே தள்ளியதும் ‘அப்பாடா’ என்று அங்கேயே நின்றுவிடுவது. தள்ளிய அந்த நொடியே மொத்த வரிசையும் பத்து மீட்டர் மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால், திரும்பி வருகிற பந்து பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் எதிராளி காலில், தடுக்க ஆளே இல்லாமல் விழும். கடைசி இருபது நிமிடத்தில் கேப்டன் தொண்டை கிழிய ‘ஏறு, ஏறு’ என்று கத்துவது இதற்காகத்தான். இதைவிட நல்ல வசனத்தை எந்த எழுத்தாளர் எழுதிவிடப் போகிறார்?

இதைப் படமாக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான படங்களில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், அதுவும் நீளமான லென்ஸில். அந்த லென்ஸ் ஆழத்தை அமுக்கிவிடுவதால் பத்து மீட்டர் இடைவெளி இரண்டு மீட்டர் போலத் தெரியும். வரிசை இருப்பதும் தெரியாது, உடைவதும் தெரியாது. கோலுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு வைடு லென்ஸை நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு நொடி வெட்டாமல் விட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்வதும், ஒருவர் மட்டும் பிந்துவதும் பார்வையாளர் கண்ணிலேயே படும். அவரே சீட்டில் முன்னால் நகர்ந்து உட்காருவார். ஸ்லோ மோஷன் தேவைப்படாது.

அடுத்தது அந்த கார்னர். பயிற்சிக் காட்சி என்றால் டயர் இழுப்பதும் படி ஏறி ஓடுவதும்தான் என்றாகிவிட்டது. ஒரே ஒரு கார்னரை நாற்பது தடவை பழகுவதைக் காட்டுங்கள். ஒருவர் முதல் கம்பத்தை நோக்கி ஓடி டிஃபென்டரை இழுத்துப் போக வேண்டும். இன்னொருவர் கோல்கீப்பர் வெளியே வரும் பாதையில் போய் நிற்க வேண்டும், கை வைத்தால் ஃபவுல். மூன்றாவது ஆள் தாமதமாகக் கிளம்பி, பந்து இறங்கும் இடத்துக்குப் பந்தோடு சேர்ந்து வர வேண்டும். படத்தின் நடுவில் வரும் ஆட்டங்களில் இது மூன்று தடவை தோற்கட்டும், மூன்றுக்கும் மூன்று வேறு காரணம் இருக்கட்டும். ஒரு தடவை பந்து முதல் டிஃபென்டரின் தலையைத் தாண்டவில்லை. ஒரு தடவை ஓடுகிறவன் அரை நொடி முன்னால் கிளம்பிவிட்டான். ஒரு தடவை எல்லாம் சரியாக நடந்து, கோல்கீப்பர் பிடித்துவிட்டார். ஃபைனலில் கார்னர் கொடி பக்கம் ஒருவர் பந்தை வைக்கும்போது, என்ன நடக்க வேண்டும் என்பது தியேட்டரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.

நடிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழகாதவர் பந்தை முட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார், பந்து உச்சந்தலையில் படும். நெற்றியில் வாங்க வேண்டும், கழுத்து இறுகியிருக்க வேண்டும். உதைக்கும்போது ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் இருக்காது, கணுக்கால் தளர்ந்து ஆடும். எடிட்டிங்கில் முகத்தைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வெட்டி ஒட்டினாலும், தெருவில் பந்து ஆடியவர் யாரும் ஏமாற மாட்டார். பயிற்சிக்குப் போதிய மாதங்கள் இல்லையென்றால் ஹீரோவை கோல்கீப்பராக எழுதிவிடுங்கள். ஃபிரேமுக்கு வெளியேயிருந்து ஒருவர் கையால் பந்தை எறிந்தால் ஒவ்வொரு டேக்கிலும் அது ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வரும், பாய்வதை மட்டும் பழகினால் போதும். தவிர, 33 நிமிடத்தின் பாரம் அதிகமாக விழுவதும் அவர் மேல்தான்.

எதிர் டீமை வில்லனாக்கும் பழக்கம் போதும். கணுக்காலில் மிதிக்கிறான், நடுவருக்குப் பணம் கொடுக்கிறான் என்று காட்டினால் நம் ஆட்களின் வெற்றிதான் சிறுத்துப்போகும். அவர்கள் நன்றாக ஆடட்டும், அழகாக ஆடட்டும்.

ஜெயிப்பதற்கு ஒரே வழி பின்வாங்கி நிற்பது என்று சொல்ல வரவில்லை. 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா நேர் எதிராகச் செய்தது. டிஃபென்ஸ் வரிசையை நடுக்கோட்டுக்கு அருகே ஏற்றி வைத்தார்கள். ஓர் அடி பிசகினால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். அர்ஜென்டினாவின் மெஸ்ஸி பெனால்டியில் முதல் கோல் போட்ட பிறகும் அவர்கள் இறங்கவில்லை. முதல் பாதியில் அர்ஜென்டினா பந்தை வலைக்குள் தள்ளிய மூன்று தடவையும் ஆஃப்சைடு, அதாவது பாஸ் கிளம்பும்போதே டிஃபென்ஸ் வரிசையைத் தாண்டி நின்றதால் கோல் செல்லாது. பிறகு 48-லும் 53-லும் இரண்டு கோல் போட்டு 2-1. 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்தது அர்ஜென்டினா. பாஸ் கிளம்பும் கணத்தில் நான்கு டிஃபென்டர்கள் சேர்ந்து வைக்கும் அந்த ஒற்றை எட்டை நம்பியே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

முன்னிலை பெற்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் போவதும் ஒரு கதைதான். 1966 உலகக் கோப்பையில் இத்தாலியை வீட்டுக்கு அனுப்பிய வட கொரியா, அடுத்து போர்ச்சுகலுக்கு எதிராக 25 நிமிடத்துக்குள் 3-0 என்று முன்னே போனது. அதன் பிறகும் முன்னேறி ஆடிக்கொண்டே இருந்தார்கள். போர்ச்சுகலின் யூசேபியோ ஒருவரே நான்கு கோல் போட, ஆட்டம் 5-3 என்று கைமாறியது.

கோப்பைதான் வெற்றி என்பதும் இல்லை. 2001-ல் அமெரிக்கன் சமோவா என்ற குட்டி பசிபிக் தீவு டீம் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றது. பாஸ்போர்ட் சிக்கலால் வழக்கமான ஆட்டக்காரர்கள் ஆட முடியாமல் போய், பதின்வயதுப் பையன்களை இறக்க வேண்டியிருந்தது. 31 கோலையும் வாங்கியவர் கோல்கீப்பர் நிக்கி சலாபு. 2011 நவம்பரில் டோங்காவை 2-1 என்று வென்றார்கள், ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டத்தில் அவர்களுடைய முதல் வெற்றி. அன்றும் கோலில் நின்றவர் சலாபுதான். அடுத்த சுற்றுக்கு அவர்கள் போகவில்லை. குக் தீவுகளுடன் டிரா செய்தார்கள், பக்கத்து நாடான சமோவாவிடம் 1-0 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். படம் எடுக்கிறவர்கள் அந்த 1-0 தோல்வியையும் முழுசாக எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிடம் 31 வாங்கியவர் சமோவாவிடம் ஒன்றுதான் வாங்கினார்.