எந்தப் பதிப்பு என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?

டிவி ரிமோட்டால் ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையை இயக்கக் கற்றுத் தருகிறேன் என்று வீடியோவில் கிளம்பியிருக்கும் ஆசான்கள் அனைவரையும் கேட்கிறேன்: நீங்கள் காட்டும் நிரல், ரிமோட்டின் சைகையை வாசித்துத் தரும் ஆயத்த நிரல்தொகுப்பான ஐஆர்ரிமோட் லைப்ரரியின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை ஒரு வரியில் சொல்வதில் உங்களுக்கு என்னதான் கஷ்டம்? சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்று திரும்பத் திரும்ப மன்றாடுவதற்கு நேரம் இருக்கிறது. பின்னணி இசை போடுவதற்கும் நேரம் இருக்கிறது. பார்ப்பவனின் வேலை முழுவதும் எந்த ஓர் எண்ணை நம்பியிருக்கிறதோ, அந்தப் பதிப்பு எண்ணை மட்டும் சொல்வதற்கு வாய் வருவதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டின் கூடத்தில் ஓடும் மின்விசிறியை, முழங்கால் வலியோடு கட்டிலில் படுத்திருக்கும் அப்பா எழுந்து நடக்காமல் போடவும் அணைக்கவும் வேண்டும், அவ்வளவுதான். ஊனோ என்னும் ஆர்டுயினோ பலகை ஒன்று, பலகை சொன்னபடி மின்விசிறியின் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒன்று, அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் மூன்று கால் ரிசீவர் ஒன்று, அதனுடன் 21 பொத்தான்கள் கொண்ட மலிவு ரிமோட் ஒன்று. இவ்வளவும் வாங்கத் தஞ்சாவூருக்குப் போனால், ரிசீவரை டிஎஸ்ஓபி 1738 என்று தெளிவாகக் கேட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 1838. வேறாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, “எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க” என்றார். ஒன்றே அல்ல! குமிழ் முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், 1738இன் கால்கள் இடமிருந்து வலமாகத் தரை, மின்சாரம், சிக்னல் என்று வரும். 1838இல் சிக்னல், தரை, மின்சாரம் என்று வரும். முன்னதற்கு வரைந்த படத்தைப் பார்த்துப் பின்னதை இணைத்தால், தரைக்குப் போக வேண்டிய காலில் 5 வோல்ட் ஏறி, விரல் வைக்க முடியாத அளவுக்கு ரிசீவர் கொதிக்கும். எந்தக் கால் எது என்று ஒரு துண்டுத்தாளாவது கொடுங்கள் என்றால், நெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில். நெட்டில் இருக்கும் பாடத்திலோ, படம் ஒன்றுக்கு, பெயர் மற்றொன்றுக்கு.

சரி, அதையும் கடந்து வந்தால், உண்மையான கொடுமை நிரலில்தான் தொடங்குகிறது.

இந்த ரிமோட் பேசுவது என்இசி என்னும் முறையில். ஒளியை நொடிக்கு 38,000 முறை துடிக்கவிட்டு, முதலில் 9 மில்லி நொடி நீளத்துக்கு ஒரு தொடக்கக் குறி, பிறகு 4.5 மில்லி நொடி மௌனம், அதன் பின் 32 பிட்டுகள் (0 அல்லது 1 என்னும் குறிகள்) என்று ஒவ்வொரு பொத்தானும் ஒரு செய்தியை அனுப்புகிறது. ஒவ்வொரு பிட்டும் சுமார் 0.56 மில்லி நொடித் துடிப்போடு தொடங்கும். அதைத் தொடரும் இடைவெளியும் அதே அளவாக இருந்தால் 0, ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தால் 1. அந்த 32 பிட்டுகளில் முகவரியும் அதன் தலைகீழும், கட்டளையும் அதன் தலைகீழும் அடங்கியிருப்பதால், வழியில் எங்காவது பிசகினால் ரிசீவர் பக்கத்தில் உடனே தெரிந்துவிடும். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு, பாருங்கள். இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். நம் ஆசான்கள் இதைத் தொடுவதே இல்லை. “இந்தப் பொத்தானுக்கு இந்த எண், காப்பி பண்ணிக்கோங்க” என்று ஓர் அட்டவணையைத் திரையில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த அட்டவணைதான் முதல் பொறி. 2009இல் கென் ஷெரிஃப் எழுதி வெளியிட்ட லைப்ரரி, வந்து சேரும் பிட்டுகளில் முதலில் வருவதை இடக்கோடியில், பெரிய இடமாகக் கொண்டு எண்ணைக் கட்டியது. மூன்றாம் பதிப்பிலிருந்து, என்இசி முறையின் இயல்புப்படி, முதலில் வருவதை வலக்கோடியில், சிறிய இடமாகக் கொண்டு கட்டுகிறார்கள். ஆகவே இந்த ரிமோட்டின் முதல் பொத்தானுக்குரிய கட்டளை முன்பு 10100010 என்று வாசிக்கப்பட்டது. இன்று அதே பொத்தான், அதே ஒளி, அதே ரிசீவர் இருந்தும் 01000101 என்று வாசிக்கப்படுகிறது. 0 முதல் 9 வரையும் பிறகு ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்கள் கொண்ட பதினாறடிமானத்தில் சொன்னால் முன்பு ஏ2, இன்று 45. ஆக, லைப்ரரியின் புதிய பெயர்களை நிரலில் பொருத்திக் கம்பைல் செய்துவிட்டு (பலகைக்குப் புரியும் வடிவுக்கு மாற்றிவிட்டு), பாடத்தில் கண்ட பழைய எண்ணை அப்படியே விட்டுவைத்தவன், விரல் தேயும்வரை பொத்தானை அழுத்தினாலும் ரிலே அசையாது. ரிமோட்டின் பேட்டரியை மாற்றுவான்; ரிசீவரை மாற்றுவான்; செல்போன் கேமராவில் ரிமோட்டின் முனை மினுக்குகிறதா என்று பார்ப்பான்; அது நன்றாகவே மினுக்கும். தவறு எதுவும் அவனிடம் இல்லை என்பதை அவனுக்குச் சொல்ல ஆள் இருக்காது. லைப்ரரியைப் பராமரிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய நிரலைப் புதியதாக மாற்றுவது எப்படி என்று அவர்கள் தங்கள் விளக்கக் குறிப்பில் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் பாடம் நடத்த வருகிறவர்கள் மீதுதான் என் கோபம்.

எண்ணைத் திருத்திவிட்டால் தீர்ந்ததா? இல்லை, அங்கேதான் இரண்டாம் பொறி காத்திருக்கிறது, அது முதலாவதை விட ஆபத்தானது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் என்இசி ரிமோட் முழுச் செய்தியைத் திரும்ப அனுப்பாது. ஏறக்குறைய 110 மில்லி நொடிக்கு ஒருமுறை, ‘இன்னும் அழுத்தியிருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லும் ஒரு குறுஞ்சைகையை அனுப்பும். பழைய பதிப்பில் அந்தச் சைகை, எட்டு எஃப் எழுத்துகள் கொண்ட ஒரு தனி எண்ணாக வரும். எந்தப் பொத்தானோடும் பொருந்தாது என்பதால் நிரல் அதைத் தானாகவே கடந்துவிடும். “அது ஏதோ குப்பை, கண்டுக்காதீங்க” என்று ஓர் ஆசான் திருவாய் மலர்ந்தது இதைப் பற்றித்தான். புதிய பதிப்பில் அந்தச் சைகைக்கும் முந்தைய கட்டளையின் எண்ணே கிடைக்கும். கூடவே ‘இது மறுபடி வந்தது’ என்ற கொடி (அடையாளக் குறி) ஒன்று உயர்த்தப்பட்டிருக்கும். அந்தக் கொடியைப் பார்க்கச் சொல்லித் தராத நிரலில், ஒரே பொத்தானால் போட்டு அணைக்கும் ஏற்பாட்டை வைத்தால், விரலை எடுக்கும்வரை நொடிக்கு ஒன்பது முறை ரிலே மாறி மாறி அடித்துக்கொள்ளும். 230 வோல்ட் ஓடும் கம்பியில்! எங்கள் கூடத்தில் அதுதான் நடந்தது. ஐப்பசி மழை இரவில் அப்பா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்: “என்ன தம்பி இது, வயக்காட்டுத் தவளை மாதிரி கத்துது?” பலகையின் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகுதான் என் நெஞ்சு அடங்கியது.

மலிவு ரிமோட்டே வேண்டாம் என்று பரணில் கிடந்த பழைய டிவி ரிமோட்டை எடுத்தால், அது ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 முறையில் பேசுகிறது. அதில், விட்டு அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் தலைகீழாகும். பொத்தான் 1ஐ அழுத்தினால் ஒருமுறை 1 என்றும் அடுத்த முறை 2049 என்றும் வரும். அழுத்திப் பிடித்ததையும் விட்டு அழுத்தியதையும் பிரித்தறியச் செய்த அருமையான ஏற்பாடு அது. நான் பார்த்த பாடம் ஒன்றில் இதற்குத் தரப்பட்ட விளக்கம், “ரிமோட் பழசு, அதான் தப்புத் தப்பா வருது.” நமது வட்டாரத்துப் பிராஜெக்ட் சென்டர்களிலோ, இதே அட்டவணையை ஒட்டி வைத்த நிரலைக் காசு கொடுத்து வாங்கிப்போய், தேர்வாளர் முன்னால் பொத்தானை அழுத்திவிட்டு விழிக்கும் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கட்டளை வந்ததற்கு அடையாளமாக ஒரு பஸ்ஸர் கூவட்டுமே என்று ஓசை எழுப்பும் ‘டோன்’ வரியை நிரலில் சேர்த்தால், கம்பைலர் ‘மல்டிபிள் டெஃபினிஷன், வெக்டர் 7’ என்று சீறுகிறது. ஊனோவில் பஸ்ஸரின் ஓசைக்கும் ரிமோட்டின் துடிப்புகளை 50 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்கும் நேரத்தை எண்ணும் அதே இரண்டாம் டைமர்தான் தேவைப்படுகிறது என்பதே காரணம். இதையாவது யாரேனும் சொன்னார்களா? சொன்னவர்கள் உண்டு, ஆங்கிலத்தில்.

பொறுக்க முடியாமல் ஓர் ஆசானுக்கே வாட்ஸ்அப்பில் எழுதினேன்: உங்கள் அட்டவணை எந்தப் பதிப்புக்கு உரியது, தயவுசெய்து எண்ணைச் சொல்லுங்கள் என்று. “லைப்ரரிய டெலீட் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க ப்ரோ, ஒர்க் ஆகும்” என்று பதில் வந்தது. மறுபடி நிறுவினால் அதே புதிய பதிப்புதான் வந்து உட்காரும். பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியல், ஆர்டுயினோ மென்பொருளின் லைப்ரரி மேனேஜரில் இன்ஸ்டால் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவருடைய வீடியோவிலேயே அது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, அவர் ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை.