அடுப்பு பற்றவைக்காத நாலு நாள்

வீட்டில் ஆள் இல்லையென்றால் சமைக்கவே மனசு வராது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது அப்படியே உண்மை. போன மாதம் மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். முதல் நாலு நாள் காலையில் பிஸ்கட், மதியம் ஒன்றுமில்லை, ராத்திரி பத்து மணிக்குக் கப் நூடுல்ஸ். 1958இல் ஜப்பானில் மொமோஃபுகு ஆண்டோ என்பவர் உடனடி ராமென் என்ற கோதுமை நூடுல்ஸைக் கொண்டுவந்ததும், 1971இல் அதையே கப்பில் அடைத்ததும் பெரிய காரியம்தான். ஆனால் தினமும் அதுவே என்றால் உடம்பு தாங்காது. அவ்வளவு உப்பு. நடுராத்திரி நாக்கு வறண்டு எழுந்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸுக்கு மாறினேன். டோக்கியோவில் வேலை பார்த்தபோது ரயில் நிலையத்துக் கடைகளில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிய ருசி அது. பக்வீட் என்ற ஒருவகைத் தானிய மாவில் செய்வது, லேசான சாம்பல் பழுப்பு நிறம். காய்ந்த சோபா ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். உடனே குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுத்துவிடும். தொட்டுக்கொள்ள சோயா சாஸோடு மீன் சாறு. அங்கே அதற்குக் காய்ந்த சூரைமீனைச் சீவிப் போடுவார்கள். நம் மாசிக்கருவாடும் சூரைதான், அதைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தேன், நன்றாகவே இருந்தது. அப்புறம் ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் வெங்காயத்தாள்.

சோபா வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஜப்பானில் அதை மிச்சச் சாற்றில் கலந்து சூடாகக் குடிப்பார்கள். முதல் தடவை குடித்தபோது பாட்டி வீட்டு வடிகஞ்சி ஞாபகம் வந்தது.