துள்ளும் பேட்டரி தீர்ந்த பேட்டரியா?

பென்சில் பேட்டரியை மேசைக்குச் சற்று மேலே நிமிர்த்திப் பிடித்து, மைனஸ் முனை கீழே படும்படி விடுங்கள். துள்ளினால் தீர்ந்துவிட்டது, 'தொப்'பென்று நின்றால் புதுசு. இப்படி ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிதான் உண்மை. அதுவும் அல்கலைன் (உறையில் 'Alkaline' என்று போட்டிருக்கும் வகை) பேட்டரிக்கு மட்டும்.

புது அல்கலைன் பேட்டரியின் நடுவே துத்தநாகத் தூள் கூழ் மாதிரி இருக்கும். விழும்போது அதிர்ச்சியை அந்தக் கூழ் வாங்கிக்கொள்வதால் துள்ளாது. மின்சாரம் செலவாகச் செலவாகத் துத்தநாகம் ஆக்சைடாக மாறி, துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அப்புறம் துள்ளத் தொடங்கும். சிக்கல் இங்கேதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி மின்சாரம் மிச்சமிருக்கும்போதே துள்ளல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, அதற்குமேல் கூடுவதில்லை. ஆக, துள்ளுகிற பேட்டரி புதுசில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதை நம்பித் தூக்கிப் போட்டால், சுவர்க்கடிகாரத்திலோ ரிமோட்டிலோ இன்னும் மாதக்கணக்கில் ஓட வேண்டியது வீணாகும்.

வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டர் இருந்தால் இந்த வித்தையே வேண்டாம். புது அல்கலைன் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 1.3 பக்கம் வந்துவிட்டால் மோட்டார் வைத்த பொம்மைக்குத் திணறும், கடிகாரத்துக்குத் தாராளம். சரி, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 காட்டுகிறதே என்றால், அதற்கு அதுதான் இயல்பு.