பாஸ்டர் பார்த்துக்கொள்வாரா?

மும்பைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் சபை மாறுவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்கே ஆவிக்குரிய வளர்ச்சியே இல்லண்ணே." முதலில் தாராவியில் ஒரு சபை, அப்புறம் சயான் கோலிவாடாவில் ஒன்று, அதுவும் சரிப்படாமல் ஞாயிற்றுக்கிழமை யூடியூப். சபை மாறுவதே தப்பு என்று சொல்லவில்லை. காணிக்கையைத் தவிர வேறு பேச்சே இல்லாத இடத்தில் யார்தான் உட்காருவார்கள்? ஆனால் வார நாட்களில் வேதத்தைத் திறந்தாயா என்று கேட்டால், பேச்சு உடனே லோக்கல் டிரெயின் கூட்டத்துக்குப் போய்விடுகிறது.

ஊரில் இருந்தவரை இது வெளியே தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் வேதக்கோயில் மணி அடித்தால் அம்மா எழுப்பி விடுவாள். குடும்ப ஜெபத்தில் தூங்கி வழிந்தால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லாமல் டீச்சர் அக்கா விடமாட்டார். அதையெல்லாம் நம் பக்தி என்று நினைத்திருந்தோம். அதில் பாதிக்கு மேல் அம்மாவுடையது.

அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு (பிலிப்பியர்) எழுதும்போது சிறைக்காவலில் இருந்தார். "நான் தூரமாயிருக்கும் இப்பொழுதும்" என்று சொல்லித்தான் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறார் (2:12). போதகர் பக்கத்தில் இல்லாத சபைக்குப் போன கடிதம் அது. "நாமதான் பிரயாசப்படணும்னா, அப்போ தேவ கிருபை எதுக்கு?" என்று கேட்பவர்கள் அடுத்த வசனத்தையும் படியுங்கள். அந்த விருப்பத்தையே நமக்குள் உண்டாக்குகிறவர் தேவன்தான். வந்த விருப்பத்தை ஓரமாகப் போட்டுவிட்டுப் பாஸ்டரைக் குறை சொன்னால் எப்படி?

இடமில்லை என்பது நியாயமான பேச்சு. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்றார் இயேசு. தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர், எந்தக் கதவைப் பூட்டுவது? எங்கள் சந்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மகன் சைக்கிளில் கொண்டுபோய் விற்க, விடியுமுன் இட்லி அவிப்பார். ஒரு ஈடு வேகும் நேரத்தில் அரிசி டின் மேல் பெரிய எழுத்து வேதாகமத்தை விரித்து, விரலை வைத்து வரிவரியாகப் படிப்பார். சங்கீதப் பக்கங்களில் மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவர்தான் ஒருநாள் ஆராதனை முடிந்ததும், "ஐயா, நீங்க சொன்ன வசனத்துக்கு முந்தின வசனம் வேற மாதிரில்ல இருக்கு?" என்று கேட்டார். நல்ல பாஸ்டர், அங்கேயே வேதத்தைத் திறந்துவிட்டார்.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதை எழுதிய லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். நம் சபைகள் சிலவற்றில் அதற்குப் பெயர் எதிர்த்துப் பேசுவது! விசுவாசிகளைச் சீர்ப்படுத்தி ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்தவே மேய்ப்பர்கள் தரப்பட்டார்கள் என்கிறது எபேசியர் 4. எல்லாவற்றுக்கும் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்லும் போதகர்கள் அதைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

சபை மாறப்போகிறேன் என்கிற தம்பி, பிலிப்பியர் நான்கே அதிகாரம். தாணேயில் ஏறினால் தாதர் வருவதற்குள் போனிலேயே முடித்துவிடலாம், நின்றுகொண்டேதான். ஒரு மாதம் இப்படிப் படித்துப் பார். அப்புறமும் மாறத்தான் வேண்டும் என்றால் சொல், நல்ல சபையாக நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.