வரம் இருக்கிறது, சரி. குணம் எங்கே?

கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு ஊழியர் சவுண்டு பையனை மேடையிலிருந்து சபித்த அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பெயரையும் ஊரையும் இப்போதும் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று ராத்திரி சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மூப்பர் போட்ட செய்தியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அபிஷேகம் பலமாய் இறங்கும்போது அப்படித்தான் வரும், மாம்சக் கண்ணால் பார்க்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாக ஆமென், ஆமென்.

எதற்கு ஆமென்? மைக் கீச்சென்று கத்தியது. அவ்வளவுதான் நடந்தது. மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த பையனை, இருபது வயதுகூட இருக்காது, "யாருடா அவன், எழுந்து நில்லுடா" என்று அத்தனை ஜனத்துக்கு முன்னால் நிறுத்தி, "தேவ ஆவியைத் தடுத்த கை முடங்கிப்போகும்" என்று சொன்னார் அந்த ஊழியர். பையன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கூட்டத்திலிருந்து ஆமென் என்று சத்தம் வருகிறது. அடுத்த நிமிடமே அவர் குரலை மாற்றிக்கொண்டு, "மூன்றாவது வரிசையில் இருக்கிற சகோதரி, கர்த்தர் உன் கண்ணீரைக் கண்டார்" என்கிறார். பையன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் அதையே பிடித்துக்கொள்வீர்கள். நான் வரங்களை, அதாவது ஆவியானவர் கொடுக்கிற விசேஷ ஆற்றல்களை, மறுக்கிறவள் இல்லை. பெந்தெகொஸ்தே சபையில்தான் வளர்ந்தேன். அந்நியபாஷையில், அதாவது கற்றுக்கொள்ளாத மொழியில் ஆவியின் ஏவுதலால், ஜெபிக்கிறவள். தீர்க்கதரிசனம் இன்றைக்கும் உண்டு, சுகமளிக்கும் வரம் உண்டு என்று நம்புகிறேன். அந்த ஊழியருக்கு வரம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருக்கட்டும். வரம் இருப்பது ஒருவர் நல்லவர் என்பதற்குச் சாட்சி ஆகாது என்றுதான் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இறையியல் பட்டம் வேண்டாம். வேதாகமம் முழுக்க இதுதான் இருக்கிறது.

எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கர்த்தர் சொன்னார். மோசே ஜனங்கள்மேல் இருந்த எரிச்சலில் "கலகக்காரரே" என்று கத்திவிட்டு, கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்ததா? வந்தது. ஏராளமாய் வந்தது. ஜனங்களும் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால், "பாருங்கள், தண்ணீர் வந்துவிட்டது, தேவன் அவரோடு இருக்கிறார், நீங்கள் யார் கேட்க" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் கர்த்தர் என்ன சொன்னார்? இந்தச் சபையை நீ கானானுக்குள் கொண்டுபோவதில்லை என்றார். அற்புதம் நடந்த அதே இடத்தில் தண்டனையும் வந்தது. தாகமாயிருந்த ஜனத்துக்காகத் தண்ணீர் வந்தது. மோசேயின் கோபத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல அது.

இது ஒன்றுதானா? பணத்துக்கு ஆசைப்பட்ட குறிசொல்லியான பிலேயாமின் வாயிலிருந்து சுத்தமான தீர்க்கதரிசனம் வந்தது. தாவீதைக் கொல்லத் துரத்திக்கொண்டு போன வழியிலேயே சவுல் ராஜா தீர்க்கதரிசனம் சொன்னான். பலசாலி சிம்சோன் காசாவில் வேசியின் வீட்டுக்குப் போய்விட்டு, அந்த ராத்திரியே பட்டணத்து வாசல் கதவுகளைப் பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். பலம் குறையவே இல்லை. கடைசியில் கர்த்தர் விலகினதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். படம் வரைந்து கலர் அடிக்கச் சொல்கிறோம். பெரியவர்களாகிக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

"அபிஷேகத்தில் அப்படித்தான் வரும்" என்ற அந்த வாதத்துக்கு வருகிறேன். வரவே வராது. 1 கொரிந்தியர் 14:32: "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே." பவுல் இதைவிட எப்படிச் சொல்ல வேண்டும்? ஆவியானவர் வந்தால் நம் வாய் நம் கட்டுப்பாட்டில் இருக்காது என்பது வேதத்தில் இல்லாத உபதேசம். கலாத்தியர் 5இல் ஆவியின் கனிகள் என்று பட்டியலிட்ட நற்குணங்களில் கடைசியாக வருவது இச்சையடக்கம். தன்னை அடக்கத் தெரிவதையே கனியாகக் கொடுக்கிற ஆவியானவர், ஒரு பையனைத் திட்டித் தீர்க்கும்படி ஒருவரை ஏவினார் என்றால், அந்தப் பழியை யார்மேல் போடுகிறீர்கள் என்று யோசித்தீர்களா?

கொரிந்து சபையையே பாருங்கள். "யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள்" என்று அவர்களுக்கு எழுதின முதல் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவன் தகப்பனுடைய மனைவியை வைத்திருக்கிறான். ஆறாம் அதிகாரத்தில் சகோதரனைச் சகோதரன் கோர்ட்டுக்கு இழுக்கிறான். பதினொன்றில், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான். வரம் நிறைந்த சபை அது! வரங்களைப் பற்றிய 12க்கும் 14க்கும் நடுவில் அன்பைப் பற்றிய 13ஐ வைத்தது கல்யாணத்தில் வாசிப்பதற்காக அல்ல. அன்பு "சினமடையாது" என்று அதில் ஒரு சொல் இருக்கிறது.

நம் பெந்தெகொஸ்தே சரித்திரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது, நம் மேடைகளில் சொல்ல மாட்டார்கள். அந்நியபாஷையே ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்று உபதேசித்தவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் பர்ஹாம். ஹூஸ்டனில் அவர் வேதபாடசாலை நடத்தியபோது, கறுப்பினத்தவரான வில்லியம் சீமோர் வெள்ளையர்களோடு அறைக்குள் உட்கார முடியவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், அந்தச் சீமோர் நடத்திய கூட்டத்தில்தான் எழுப்புதல் வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக முழங்காலில் நின்றார்கள். அதைப் பார்க்க வந்த பர்ஹாமுக்கு அது பிடிக்கவில்லை. இன வெறுப்போடு இழிவாகப் பேசினார். அசூசா தெரு பத்திரிகையோ, கோபப்பட்டுப் புறங்கூறிக்கொண்டு திரிந்தால் எத்தனை பாஷை பேசினாலும் உனக்கு ஆவியின் அபிஷேகம் இல்லை என்றே எழுதியது. நான் சொல்வது புதுசு இல்லை. நம் முன்னோர் சொன்னதுதான்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். ரவி சகரியாஸ் என்ற பிரபலமான கிறிஸ்தவப் பேச்சாளர், 1946இல் நம் சென்னையில் பிறந்தவர். உலகமெல்லாம் பேசினார். அவர் பேச்சைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர்களை எனக்கே தெரியும். 2017இல் ஒரு பெண் புகார் சொன்னபோது அவருடைய அமைப்பு அவரைத்தான் நம்பியது, அந்தப் பெண்ணை அல்ல. 2020 மே மாதம் இறந்தார். எவ்வளவு அஞ்சலி! 2021 பிப்ரவரியில், அதே அமைப்பு நியமித்த வழக்கறிஞர்களின் அறிக்கை, அவர் வருஷக்கணக்காகப் பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை வெளியே கொண்டுவந்தது. அப்படியானால் அவர் மூலம் வந்தவர்களின் விசுவாசம் பொய்யா என்று கேட்கிறார்கள். பொய் இல்லை. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் குடிகாரர் என்பதால் பணம் கள்ளப்பணம் ஆகிவிடாது. பணம் சரியாக வந்து சேர்ந்தது என்பதற்காகத் தபால்காரர் உத்தமர் என்றும் ஆகிவிடாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த காலம். சுகமளிக்கும் வரம் பெற்றவர் என்று பேர்போன ஒரு ஊழியரை அம்மா வீட்டுக்கு அழைத்தாள். வந்தார், அப்பாவின் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தார். போகும்போது அம்மா காணிக்கைக் கவரைக் கொடுத்தாள். மாடிப்படி இறங்குவதற்குள் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கூட வந்தவரிடம் நீட்டினார். பரவாயில்லை, அதைக்கூட மறந்துவிடலாம். சில வாரம் கழித்து, சுகம் இல்லை என்று அம்மா போன் பண்ணியபோது, "வீட்டில் பாவம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்றார்.

அம்மா தேடினாள். நிஜமாகவே அலமாரி அலமாரியாகத் தேடினாள். அப்பாவின் பழைய சினிமாப் பாட்டு கேசட்டுகள் ஒரு ஷூ டப்பாவில் இருந்தன. அவர் கைப்பட எழுதிய லேபிள்கள். அதையெல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டாள். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. "அந்த டப்பாவை வைத்திருக்கலாம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். இதற்கு யார் பதில் சொல்வது?

அதே நாட்களில் எங்கள் சபையில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு பெரியம்மா வந்தார். அவர் அந்நியபாஷை பேசி யாரும் கேட்டதில்லை. ஜெபிக்கச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவார். டயாலிசிஸ்காரருக்கு என்ன கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். அப்படியே சமைத்துக் கொண்டுவந்து, அப்பா சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எங்கள் சபை ஒருநாளும் மைக் கொடுத்ததில்லை. போஸ்டரில் அவர் படம் வந்ததில்லை. நீடியபொறுமை, தயவு, நற்குணம் என்று கலாத்தியரில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. எந்த ஊழியருடைய முகமும் வரவில்லை, மன்னியுங்கள்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறீர்கள். சங்கீதம் 105ஐ முழுசாக வாசியுங்கள். அது தேசம் தேசமாக அலைந்த ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் ராஜாக்கள் ஒடுக்காதபடி சொன்ன வார்த்தை. பலமில்லாதவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு. அதை மைக் பிடித்தவருக்குக் கேடயமாக்கி, மைக் சரிசெய்கிறவனுக்கு எதிராகத் திருப்புகிறீர்கள். அபிஷேகம் பெற்ற தாவீது பாவம் செய்தபோது அவர் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னாரே, அவர் தொட்டாரா தொடவில்லையா? அந்தப் பையனும் ஞானஸ்நானம் எடுத்தவன்தான். அவனைத் தொடலாமா?

"இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பனுக்கு விரோதமாகப் பேசாதே" என்று ஒரு சகோதரர் வசனம் அனுப்பினார். 1 தீமோத்தேயு 5:19. அதற்கு அடுத்த வசனத்தையும் அனுப்பியிருக்கலாம். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது அது. சாட்சிக்கா பஞ்சம்? ஒரு மைதானமே பார்த்திருக்கிறது.

இயேசுவும் தேவாலயத்தில் சாட்டை எடுத்தாரே என்கிறார்கள். எடுத்தார், விற்கிறவர்களிடமும் காசுக்காரரிடமும் எடுத்தார். கேலி செய்த பிள்ளைகளை எலிசா சபித்ததும் வந்த கரடிகளையும் ஒருவர் கொண்டுவந்தார். அதற்கெல்லாம் நான் பதில் சொல்லப் போவதில்லை.

"வெளியாட்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள், இதை ஏன் பகிர்கிறீர்கள்" என்ற கேள்வி மட்டும் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. என் அலுவலகத்திலும் பார்த்தார்கள். பக்கத்து சீட் அக்கா கேட்டாள், "உங்க சாமியார் சாபம் விட்டா பலிக்குமா?" என்று. எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஆனால் சபையை நடத்துகிற கண்காணியானவன் புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று பவுல்தானே எழுதினார். வீடியோ வந்ததால் சாட்சி கெடவில்லை. நடந்ததால் கெட்டது. எங்கள் சபை வாலிபர்கள் ஏன் வருவதில்லை என்று மாதாமாதம் உபவாசம் போட்டு ஜெபிக்கிறோம். அவர்கள் அந்தப் பையனின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள். கீபோர்டு வாசிக்கிறவன், புரொஜெக்டர் போடுகிறவன், நாற்காலி அடுக்குகிறவன். ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போகிறவர்கள் இவர்கள்தான். ஒருவரும் எழுந்து "ஐயா, போதும்" என்று சொல்லாததையும் இவர்கள்தான் பார்த்தார்கள்.

நியாயந்தீர்க்காதே என்கிறீர்கள். தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது கட்டளை. கனிகளினால் அறிவீர்கள் என்று சொன்னவர் கர்த்தர். "உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம் அல்லவா" என்று கேட்டு வந்தவர்களிடம், உரைக்கவில்லை என்று அவர் மறுக்கவே இல்லை. "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்றார். அந்த வசனம் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த வருஷத்துக்கும் அவரையே அழைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். சபையை நடத்துகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிற 1 தீமோத்தேயு 3ஐ முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்தப் பட்டியலில் திறமை என்று சொல்லக்கூடியது போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் தெரிந்தவன், என்ற ஒன்றுதான். மற்றதெல்லாம் குணமும் குடும்பமும் நற்பெயரும். எத்தனை பேர் சுகமானார்கள், எத்தனை சப்ஸ்கிரைபர் என்று அதில் இல்லை. அவருடைய டிரைவரிடம் கேளுங்கள். அவர் தங்கிய லாட்ஜில் ரூம் பையனிடம் கேளுங்கள். அவர் மனைவியிடம், அவருக்கு முன்னால் வைத்து அல்ல, தனியாக, அவர்கள் பயப்படாத இடத்தில் கேளுங்கள். சவுண்டு பையன் வீட்டுக்கும் போங்கள். அவன் அம்மாவிடம், உன் மகன் கை முடங்காது, நாங்கள் ஆமென் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாரை அழைப்பது என்று முடிவு பண்ணுங்கள். காணிக்கைச் சீட்டை அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.